மதுரையில் புது ஸ்போர்ட்ஸ் கார்: எந்த டயர், எந்த மாற்றம், எதற்கு முதலில் பணம்?

புதிதாக வேகமான கார் எடுத்தவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கின்றன. "கம்பெனி டயரையே ஓட்டலாமா, மாத்திரலாமாண்ணே?" "டிசம்பர்ல கொடைக்கானல் போவோம், ஆல்-சீசன் போட்டா நல்லதா?" "பதினெட்டு இஞ்ச் அலாய் போட்டா கிரிப் கூடுமா?" வண்டிக்கு லட்சக்கணக்கில் கொடுத்தாகிவிட்டது. மேற்கொண்டு ஒரு லட்சமோ ஒன்றரையோ கையில் இருக்கிறது. அதை எதில் போடுவது என்பதில்தான் குழப்பம்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம், நாம் படிக்கிற டயர் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்தான் பிரச்சினை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் விறைத்துப் பிடி குறையும். அதனால் குளிர்காலத்துக்குத் தனி செட் டயர், லேசான குளிர் உள்ள ஊர் என்றால் ஆல்-சீசன் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நமக்குக் குளிர்காலத்துக்கு முன்னால் வருகிற ஐப்பசி, கார்த்திகை மழைதான் டயரைச் சோதிக்கிறது. அதற்கு அடுத்தது சித்திரை வெயில். அவர்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பான டயரில் போய் நிற்போம்.

இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொல்வதில் வர்ட்டஸ் ஜிடி, ஐ20 என் லைன் மாதிரி வண்டிகளும் உண்டு, கோல்ஃப் ஜிடிஐ, எம்340ஐ மாதிரி வண்டிகளும் உண்டு. விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் டயர் விஷயத்தில் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்.

## எதை வைத்து எடை போடுவது

மழையில் பிடி. வருஷத்தில் பெரும்பாலான நாள் காய்ந்த ரோட்டில்தான் ஓட்டுகிறோம். அப்புறம் ஏன் மழைக்கு முதலிடம்? காய்ந்த ரோட்டில் சுமாரான டயர்கூட வண்டியை நிறுத்திவிடும். நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் பல மீட்டர் வித்தியாசம் காட்டுவது ஈர ரோடு. நம்மூர் மழைக்கு ஒரு குணமும் உண்டு. மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த தூசி, டீசல் கசிவு, தேய்ந்த ரப்பர் எல்லாம் முதல் தூறலில் கரைந்து மேலே வரும். ரிங் ரோடு சந்திப்புகளில் லாரிகள் நின்று கிளம்பும் இடத்தைப் பார்த்தால் வெள்ளையாக நுரை கட்டியிருக்கும். நல்ல மழை அதை அடித்துக்கொண்டு போகிற வரைக்கும் அந்தக் கால்மணி நேரம்தான் ஆபத்து. மழை வலுத்த பிறகு பிரச்சினை வேறு. செல்லூர்ப் பக்கமும் ரயில்வே பாலங்களின் அடியிலும் தண்ணீர் தேங்கும். நான்கு வழிச்சாலையிலும் ஓரம் முழுக்க நீர்த்தகடு நிற்கும். அங்கே டயர் தண்ணீரைக் கிழித்து வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டியரிங் காற்றில் திரும்புவது மாதிரி இலகுவாகிவிடும்.

பக்கச்சுவரின் உயரம். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், இரும்பு மூடி உயர்ந்து நிற்கும் பாதாளச் சாக்கடை. இவற்றில் அடிபடுவது டயரின் பக்கச்சுவர். அது குட்டையாக இருந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

வெயில். அக்னி நட்சத்திரத்தில் காற்றே 40 டிகிரி தாண்டும்போது மதியத் தார் ரோடு 60 டிகிரி வரைக்கும் கொதிக்கும். மென்மையான ரப்பர் அதில் சீக்கிரம் தேயும்.

கிடைப்பது. டூவீலர் டயர் நம் வெள்ளரிப்பட்டியிலேயே தயாராகிறது. ஆனால் 18, 19 இஞ்ச் கார் டயர் கதை வேறு. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்போதிருந்து பெரிய சைஸ்களில் சில மாடல்களுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டயர் கிழிந்தால் திங்கட்கிழமை அதே டயர் மதுரையில் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே கடையில் கேட்டுவிட வேண்டும். விலையில் ஓர் ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

சத்தம், சொகுசு, மைலேஜ் எல்லாம் அவரவர் விருப்பம். அவற்றை நான் கடைசியில்தான் வைப்பேன்.

## டயர்: ஐந்து வழிகள்

| | கம்பெனி டயர் | பெர்ஃபார்மன்ஸ் சம்மர் | டூரிங் | ஆல்-சீசன் | செமி-ஸ்லிக் |
|---|---|---|---|---|---|
| மழையில் பிடி | மாடலைப் பொறுத்தது | மிக நன்று | நன்று | நன்று | தேங்கிய நீரில் ஆபத்து |
| வெயிலில் தேய்மானம் | மெதுவாக | சற்று வேகமாக | மெதுவாக | வேகமாக | மிக வேகமாக |
| காய்ந்த ரோட்டில் திருப்பம் | சுமார் முதல் நன்று | மிக நன்று | சுமார் | சுமார் | எல்லாவற்றையும் விட மேல் |
| கொடைக்கானல் விடியற்காலை | பிரச்சினை இல்லை | நிதானம் போதும் | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | வேண்டாம் |
| மறைந்திருக்கும் செலவு | இல்லை | பழைய டயரில் நஷ்டம் | இல்லை | தேடி வாங்கும் செலவு | அடிக்கடி மாற்றுவது |

### கம்பெனி டயரிலேயே ஓட்டுவது

வண்டியோடு வந்த டயரை உடனே கழற்ற வேண்டியதில்லை. விலை உயர்ந்த வண்டிகளுக்குக் கம்பெனியே நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர்தான் கொடுக்கிறது. அதை மாற்றினால் பணம்தான் வீண். நடுத்தர விலை வண்டிகளில்தான் யோசிக்க வேண்டும். அங்கே தயாரிப்பாளர் மைலேஜையும் ஆயுளையும் பார்த்துக் கெட்டியான ரப்பர் டயரைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். டர்போ இன்ஜின் இரண்டாவது கியரில் இழுக்கும்போது ஈர ரோட்டில் முன் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால், டிராக்‌ஷன் விளக்கு ஓயாமல் கண் சிமிட்டினால், டயர் இன்ஜினுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம்.

பி.எம்.டபிள்யூ., மினி எடுத்தவர்கள் டயரில் ரன்-ஃப்ளாட் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓட்டிவிடலாம். இரவில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் ரோட்டில் போகிறவர்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் பக்கச்சுவர் விறைப்பு, குழியில் இடுப்பு வரைக்கும் அடி தெரியும். சாதாரண டயருக்கு மாறினால் சொகுசு கூடும். ஆனால் அந்த வண்டிகளில் பல ஸ்டெப்னி இல்லாமல் வருகின்றன. காற்றடிக்கும் கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இல்லாமல் மாறாதீர்கள்.

### அதே சைஸில் பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர்

நம்மூருக்கு என் முதல் தேர்வு இதுதான். மிச்லின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல், குட்இயர் ஈகிள் எஃப்1, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா, யோகோஹாமா அட்வான், 2021இல் அப்போலோ இங்கே கொண்டுவந்த வ்ரெடெஸ்டைன் எல்லாம் இந்த வகை. சம்மர் என்ற பெயரைப் பார்த்து மழைக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை அதற்கு நேர்மாறு. சம்மர் என்பது ரப்பர் எந்த வெப்பநிலையில் வேலை செய்யும் என்பதைத்தான் சொல்கிறது. 20, 25 டிகிரியில் பெய்யும் மழையில் இந்த டயர்களுக்கு நிகர் இல்லை. நமக்குப் பெய்வதெல்லாம் அந்த மழைதான்.

செலவு உறைக்கும். 17 இஞ்சில் ஒரு டயரே பத்தாயிரத்தைத் தாண்டும், சைஸ் ஏற ஏற விலையும் ஏறும். புது வண்டியிலிருந்து கழற்றிய டயரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆனால் ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வந்த தூரம் மட்டும் ஓடியிருந்தாலும் அது பழைய டயர்தான், விலையும் அப்படித்தான் பேசப்படும். இருப்பதில் நல்ல விலை வேண்டுமென்றால் அதிகம் ஓட்டுவதற்கு முன்பே, டெலிவரிக்கு மறுநாளே மாற்றிவிடுவது லாபம். இல்லையென்றால் அது தேயும்வரை ஓட்டிவிட்டு மாற்றலாம். பாதியில் மாற்றுவதுதான் இரண்டும்கெட்டான்.

### டூரிங் டயர்

மாதத்தில் நான்கு தடவை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வருகிறவர், வீட்டில் பெரியவர்கள் பின்சீட்டில் உட்காருகிறார்கள் என்றால் இதுதான் சரி. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், பக்கச்சுவர் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ரசித்து ஓட்டுகிறவருக்கு மட்டும் ஸ்டியரிங் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்வது உறுத்தும்.

### ஆல்-சீசன்

மலைச் சிகரமும் பனிப்படிகமும் சேர்ந்த முத்திரை பதித்த உண்மையான ஆல்-சீசன் டயர் லேசாகப் பனி விழும் ஊர்களுக்கானது. எம்+எஸ் (சேறு, பனி) என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. குளிரிலும் இளகி நிற்பதற்கென்று செய்த ரப்பர் என்பதால் நம் வெயிலில் தேய்மானம் கூடும், வேகத் திருப்பத்தில் டிரெட் (ரோட்டைத் தொடும் ரப்பர்) நெளியும். இமாச்சல், காஷ்மீர் என்று வருஷா வருஷம் வண்டியிலேயே போகிறவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மற்றபடி மதுரையில் இதற்கு வேலை இல்லை.

கொடைக்கானலுக்காக இதைக் கேட்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக. டிசம்பர், ஜனவரியில் அங்கே விடியற்காலை 8 டிகிரியை ஒட்டி வரும். சில நாள் அதற்கும் கீழே இறங்கிப் பள்ளமான இடங்களில் உறைபனி படியும். சம்மர் டயருக்கு அது எல்லைக்கோடு. ஆனால் அந்தக் குளிர் வெயில் ஏறியதும் போய்விடும். காலை எட்டு மணிக்குள் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், டயர் சூடேறிவிடும். வருஷத்தில் இரண்டு மூன்று விடியற்காலைகளுக்காக மீதி நாளெல்லாம் தப்பான ரப்பரில் ஓட்ட வேண்டாம்.

### செமி-ஸ்லிக்

ரேஸ் டிராக்கை மனதில் வைத்து, தண்ணீர் தள்ளும் வெட்டுகளைக் குறைத்துச் செய்தவை. டிரெட்வேர் எண் (குறையக் குறைய டயர் சீக்கிரம் தேயும்) 200க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ இருக்கும் டயர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிற நாளுக்குத் தனி ரிம்மில் போட்டு வைத்துக்கொள்ளலாம். அதையே போட்டுக்கொண்டு ஐப்பசியில் நான்கு வழிச்சாலையில் போவது வேண்டாத விஷப்பரீட்சை.

## ரிம் பெரிதாக்கலாமா?

இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். வர்ட்டஸ் ஜிடியில் வரும் 205/55 ஆர்16 சைஸை எடுத்துக்கொள்வோம் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச்). மொத்த விட்டம் கிட்டத்தட்ட 632 மி.மீ., பக்கச்சுவர் 113 மி.மீ.

17 இஞ்ச், 225/45: விட்டம் 634 மி.மீ., பக்கச்சுவர் 101 மி.மீ.

18 இஞ்ச், 225/40: விட்டம் 637 மி.மீ., பக்கச்சுவர் 90 மி.மீ.

விட்டம் அதிகம் மாறவில்லை, ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றாது. ஆனால் 18 இஞ்சில் குழிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரில் இரண்டேகால் சென்டிமீட்டர் போய்விட்டது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அதே டிரெட் ஆழம், அதே காற்று என்றால் அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். 205இலிருந்து 225க்குப் போனால் காய்ந்த ரோட்டில் பிடி கூடும், நீர்த்தகட்டில் குறையும். மழைதான் நம் முதல் அளவுகோல் என்று வைத்த பிறகு இது சின்ன விஷயம் இல்லை.

மறைந்திருக்கும் செலவும் இங்கே அதிகம். ரிம் வளைந்தால் சூடுகாட்டி அடித்து நிமிர்த்தித் தருவார்கள். அலுமினியத்தில் அப்படி நிமிர்த்திய இடம் பலம் குறைந்து பின்னால் விரிசல் விடலாம். வளைந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். பேலன்சிங் மெஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கவாட்டிலிருந்து ரிம்மின் உள் ஓரத்தைப் பாருங்கள். நல்ல ரிம் என்றால் ஓரம் அசையாத கோடாகத் தெரியும். வளைந்த ரிம்மில் அந்தக் கோடு உள்ளேயும் வெளியேயும் ஆடும். பெரும்பாலும் உள் ஓரம்தான் வளையும், வெளியே நின்று பார்த்தால் பளபளவென்று புதிதாகவே இருக்கும். வெளியில் வாங்கிய அலாய் வீலை இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்காமல் விட்டால் அடிபடும்போது அதற்குப் பணம் வராது.

17 இஞ்ச் வரைக்கும் போவதில் தப்பில்லை, உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த சைஸாக மட்டும் இருக்கட்டும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறி) கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது (91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670). வேகக் குறியும் அப்படியே: வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. பெரிய வண்டி எடுத்து 19 இஞ்சோடு வந்திருந்தால் எதிர்த்திசையில் யோசியுங்கள். பிரேக் காலிப்பர் (ரிம்முக்கு உள்ளே பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இடம் கொடுத்தால் ஓர் இஞ்ச் குறைத்து, பக்கச்சுவரைக் கூட்டுவது மதுரை ரோட்டுக்கு அருமையான மாற்றம். டயர் விலையும் இறங்கும், கிடைப்பதும் எளிது.

## மற்ற மாற்றங்கள்

பிரேக். இன்ஜினுக்கு முன்னால் இதைப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போதோ, போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போதோ கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் பிரேக் திரவம் கொதித்து பெடல் தொபுக்கென்று உள்ளே போகும். டாட் 4 என்ற ரகப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் சில ஆயிரத்தில் முடிகிற வேலை. பேட் மாற்றுவதாக இருந்தால் தெருவுக்கான ரகமே போதும். ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் பிடிக்காது.

பிபிஎஃப் (பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்). மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர்களுக்குப் பின்னால் ஓட்டுகிறவர்கள் யாரும் இதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். முழு வண்டிக்கும் போட வசதி இல்லையென்றால் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் மூடிகளுக்கு மட்டும் போடுங்கள். கல் அடிப்பது அங்கேதான்.

லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்). வேகத்தடையில் அடிவயிறு உரசாமல் ஒரு தெருகூடத் தாண்ட முடியாது. வேண்டாம்.

இசியு ரீமேப் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது). ஆசை புரிகிறது. ஒரு லேப்டாப்பை வைத்து அரை மணி நேரத்தில் முப்பது, நாற்பது குதிரைத்திறன் கூடுகிறது. ஆனால் புது வண்டியில் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டி போய்விடும். ஏழு கியர் ட்ரை கிளட்ச் (ஆயிலில் நனையாத இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச்சும், கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக்ஸும் என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வாரன்ட்டி முடிந்த பிறகு செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முன் டயரும் பிரேக்கும் அந்தக் கூடுதல் வேகத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. சத்தம் போடும் சைலன்ஸர்தான் முதலில் மாட்டும்.

## காற்றும் முள்ளும்

எந்த டயரைப் போட்டாலும் காற்று சரியில்லை என்றால் கொடுத்த காசு வீண். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் கணக்கு. வெயில் காலத்தில் ஓடிய சூட்டில் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு, அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு சுவாரசியமான கணக்கு. மதுரையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்து, மேலே 10 டிகிரியில் ராத்திரி நிறுத்தினால் குளிரால் சுமார் 3 பிஎஸ்ஐ குறைய வேண்டும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் டயருக்கும் உள்ள வித்தியாசத்தை. அதனால் காலையில் அளந்தாலும் அதே 33ஐ ஒட்டித்தான் காட்டும். மேலே போய்க் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அப்புறம் சீமைக்கருவேல முள். இளநீர் குடிக்க ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தும் இடமெல்லாம் அது கிடக்கும். டிரெட்டில் ஏறினால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கச்சுவரில் ஏறினால் அந்த டயர் அவ்வளவுதான், எந்தக் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

## எப்போது வாங்குவது

சட்டப்படி 1.6 மி.மீ. டிரெட் வரைக்கும் ஓட்டலாம். மழைக்கு அது போதாது. 3 மி.மீ. ஆனதும் தண்ணீரைத் தள்ளும் சக்தி நன்றாகக் குறைந்துவிடும். ஆவணியில் ஒரு தடவை அளந்து பாருங்கள். அந்த அளவுக்கு வந்திருந்தால் புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு போனால் கேட்ட மாடல் இருக்காது, இருப்பதைப் போட்டுக்கொண்டு வருவீர்கள். இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் பழகாத கையால் மீட்க முடியாது.

பணம் கொடுக்கும் முன் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். நான்கு டயரிலும் தேதி பக்கம் பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இரண்டு வருஷம் பழையதாக இருந்தால் கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகு அலைன்மென்ட்டுக்கு வண்டியை ஏற்றுங்கள்.